படகு கவிழும் என்று நினைத்துப் பையைக் கட்டுங்கள்

ஜவ்வாது மலைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். வேலூர், ஆரணி, போளூர், செங்கம், திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு நாள் சுற்றுலா என்றால் ஜவ்வாது மலையின் பெயர் எப்படியும் வந்துவிடும். விடிந்ததும் வண்டி ஏறினால் ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகு சவாரி, அப்புறம் பீமன் நீர்வீழ்ச்சி, நேரம் இருந்தால் காவலூர் வானாய்வகத்தின் குவிமாடத்தைத் தூரத்திலிருந்தாவது காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டுப்படியாகும் செலவு. வாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த மலை தெரிய வேண்டும், செய்யாறு எங்கே பிறக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்கு ஒரு சீட்டு போகும். மதியச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், தொப்பி, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், பெற்றோர் கையெழுத்து. இந்த மடல் அந்தச் சீட்டைப் பற்றியது. மலைக்கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போவதென்றால் அது போதும். தண்ணீரில் இறங்கும் நாளுக்கு அது போதாது.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். காட்டாறோ கடலோ அல்ல அது. நகரத்துக்குள், சுற்றிலும் கரை தெரிகிற ஏரி. படகில் ஏற்றக்கூடிய அளவைத் தாண்டி ஆட்களை ஏற்றியிருந்தார்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 பிப்ரவரியில், நம் மாநிலத்திலேயே புதுக்கோட்டை மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மாணவியர் கால்பந்துப் போட்டிக்கு வந்த இடத்தில் மாயனூர் கதவணையைப் பார்க்கப் போனார்கள். காவிரியில் இறங்கிய நான்கு பேர் திரும்பவில்லை. விளையாட்டு உடுப்போடு வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் அவர்கள். பெற்றவர்கள் அன்று அவர்கள் பையில் என்னென்ன வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

2022-இல் மட்டும் இந்தியாவில் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. கிணறு, குட்டை, கால்வாய், ஏரி எல்லாம் சேர்த்த கணக்கு அது. தண்ணீரின் பரப்பு சின்னது என்பது யாரையும் காப்பாற்றுவதில்லை.

கேனோ, கயாக் போன்ற ஒல்லியான படகுகளை ஓட்டக் கற்றுத்தருபவர்கள் தொடக்கத்திலேயே ஒரு காரியம் செய்வார்கள். கரையோரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், படகைக் கவிழ்த்துவிட்டு வெளியே வரப் பழக்குவார்கள். தொலைதூரம் துடுப்புப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கவிழ்வது என்றைக்காவது நடந்தே தீரும் என்பது அவர்கள் கணக்கு. சாமான் எடுத்துவைப்பதிலும் அதே கணக்குதான். ஒரு பொருள் உடம்போடு இருக்க வேண்டும், அல்லது படகோடு கட்டியிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் கரையில் இருக்க வேண்டும். கோமுட்டேரியில் நம் பிள்ளைகள் ஏறுகிற சின்னப் படகுக்கும் இந்த முறைதான் சரி. படகு கவிழும், எல்லாரும் தண்ணீரில் விழுவார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டு சீட்டை எழுதுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதல் பொருள் லைஃப் ஜாக்கெட். படகுத்துறையில் கொடுப்பார்கள் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். கொடுப்பார்கள், ஆனால் பெரியவர்கள் அளவு மட்டுமே தொங்குகிற இடங்கள் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை மாட்டினால் பார்ப்பதற்குப் பத்திரமாகத் தெரியும். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதன் கீழ்வழியாக நழுவிவிடும். மாட்டியபின் எல்லா பக்கிளையும் போட்டு, வாரை இறுக்கி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுங்கள். மோவாயையும் காதையும் தாண்டி ஏறினால் அந்த ஜாக்கெட் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. கால் இடுக்கு வழியாக வரும் வார் இருந்தால் அதையும் போட வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு பிள்ளைகள் தவிர்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

நல்ல ஜாக்கெட்டின் உட்பக்கம் ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கும். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு, எவ்வளவு மிதப்பு விசை என்று அதில் எழுதியிருக்கும். உலகத் தர அளவில் 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கானது, உதவி பக்கத்திலேயே இருக்கிற இடத்துக்கானது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு 100 நியூட்டனும், தலையைத் தாங்கும் காலரும் வேண்டும். துணி வெளுத்து, தையல் விட்டு, உள்ளே இருக்கும் ஃபோம் நொறுங்கியோ சுருங்கியோ போயிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். காற்று ஊதும் டியூபும், கையில் மாட்டும் ஊதல் வளையமும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை நம்பிப் பிள்ளையைத் தண்ணீரில் விடக் கூடாது.

ஒரு பள்ளி தனியாக அறுபது ஜாக்கெட் வாங்க முடியாது, அது எனக்குத் தெரியும். அறுபது தேவையும் இல்லை. பிள்ளைகள் அளவில் பத்து இருந்தால் போதும், பத்துப் பத்துப் பேராகப் படகேறட்டும். வட்டாரத்தில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள், பழைய மாணவர்களிடம் கேளுங்கள். ஆண்டு விழாப் பந்தலுக்கும் கேடயங்களுக்கும் பணம் தேற்றுகிற நம்மால் இதற்கும் தேற்ற முடியும். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். சார் போடாமல் உட்கார்ந்திருந்தால் பத்தாம் வகுப்புப் பையன் போடவே மாட்டான். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டுபவர்களே அதை ஏற்றுக்கொண்டிருக்கும்போது நமக்கு என்ன தயக்கம்?

அடுத்து உடை. சீருடையில் அழைத்துவருவது எண்ணுவதற்கு வசதி, ஆனால் படகுக்கு விளையாட்டு உடுப்பே நல்லது. ஜீன்ஸ் தண்ணீர் குடித்துக் கனக்கும், காலை உதைக்க விடாது. துப்பட்டா வண்டியிலேயே இருக்கட்டும். ஆசிரியைகளிடம் ஒன்றை வற்புறுத்தியே சொல்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் புடவை வேண்டாம். ஆறு கெஜம் துணி நனைந்து காலைச் சுற்றிக்கொண்டால் நன்றாக நீந்தத் தெரிந்த பெண்ணாலும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் தடுமாறினால் உங்கள் பொறுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. சுடிதாரோ ட்ராக் பேண்ட்டோ போட்டு வருவதை எந்தப் பெற்றோரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

நிறத்தையும் சீட்டில் எழுதுங்கள். நீலம், பச்சை, சாம்பல் நிறச் சட்டைகள் கலங்கிய ஏரித் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நல்லது. காலுக்குப் பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும், லேஸ் கட்டும் ஷூ ஊறிக் கனக்கும். கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் ஒரு கயிறு. கொலுசு, கம்மல், செயின் வீட்டில். தொலைந்துபோன ஒரு கம்மலைத் தேடிக் கரையோரத்தில் குனிகிற பிள்ளையைக் கவனிக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

மாற்று உடுப்பு ஒரு செட், துண்டு ஒன்று, சாப்பாடு, ஸ்வெட்டர் எல்லாம் பையில் போட்டு வண்டியில் இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் கீழே வியர்க்கிற நேரத்திலும் மலைமேல் காற்று சில்லென்று இருக்கும், நனைந்த உடம்போடு வளைவு வளைவாக இறங்குகிற பிள்ளை நடுங்கிவிடும். படகுக்குள் பை எதுவும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். படம் எடுக்க வேண்டுமென்றால் கரையிலிருந்து எடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது படகு நிலை தடுமாறியது. அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி. நாலு பேர் உட்காரும் படகில் ஒருவன் செல்ஃபிக்கு எழுந்து நின்றால் போதும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை, கரைக்கு வந்தபின் ஒவ்வொருவராகத்தான் இறங்குவது என்று வகுப்பறையிலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள். ஏரியைப் பார்த்த பிறகு யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

இனி உங்கள் பை. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இதைக் கொண்டுவரும் ஆசிரியரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

ஒரு கயிறு, 15 மீட்டருக்குக் குறையாமல். தண்ணீரில் மிதக்கிற வகையாக இருக்க வேண்டும், கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், வாளியில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதன் நுனியில் காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டுங்கள். வீசும்போது காற்றில் பறக்காமல் இருக்க உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிடுங்கள். தண்ணீரில் தத்தளிப்பவருக்கு அதைத் தாண்டி விழும்படி வீசி, பிறகு அவர் கைக்கு எட்டும்படி இழுக்க வேண்டும். பிடித்ததும் நீங்கள் கரையில் உட்கார்ந்துகொண்டு இழுங்கள், நின்றபடி இழுத்தால் உங்களையும் உள்ளே கொண்டுபோய்விடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திவைத்து ஒரு பீரியட் முழுக்க வீசிப் பழகுங்கள். பிள்ளைகளும் வீசட்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து அவரோடு சேர்ந்து போனவர்கள் நம் ஊர்ப்பக்கத்தில் எத்தனை பேர்! கயிறு தெரிந்த பிள்ளை குதிக்காது.

விசில் ஒன்று கழுத்தில். நீளமாக ஒரு முறை ஊதினால் எல்லாப் படகும் கரைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் பெயர்ப்பட்டியல், படகேறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணுவதற்கு. இவை தவிர ஓர் ஆசிரியர் கரையில் நின்று தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, சாப்பாட்டுப் பொட்டலமும் இருக்கக் கூடாது. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கையைத் தூக்கிக் கத்துவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், சத்தம் இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். விளையாடுகிறான் என்று நினைத்துத் திரும்பிக்கொள்வதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

வெளியே எடுத்த பிள்ளை மூச்சில்லாமல் இருந்தால் தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் இன்றும் நடக்கிறது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். நேரம் போகும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். படித்து மட்டும் வருகிற காரியமில்லை இது. அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ தீயணைப்பு நிலையத்திலோ கேட்டுப் பயணத்துக்கு முன் இரண்டு ஆசிரியர்களாவது பொம்மையில் செய்து பழகிவிடுங்கள். 108-ஐ அழைக்க மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. எந்த நிறுவனத்தின் சிம் அங்கே எடுக்கும், பக்கத்து மருத்துவமனைக்கு எந்த வழியில் போவது என்பதை இறங்கிய உடனேயே உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போடும் சீட்டில் இன்னும் சில கேள்விகள் சேருங்கள். நீச்சல் தெரியுமா, வலிப்பு வந்ததுண்டா, வீசிங் உண்டா, தினமும் சாப்பிடும் மாத்திரை எது. வலிப்பு உள்ள பிள்ளையை மருத்துவரைக் கேட்காமல் படகில் ஏற்றக் கூடாது. தண்ணீருக்குள் வரும் வலிப்பு வெளியே யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையைக் கரையில் தனியாக உட்காரவைத்து ஏங்க விடாமல், பெயர் எண்ணுகிற பொறுப்பைக் கொடுங்கள். இன்ஹேலர் வண்டியில் இல்லாமல் உங்கள் பையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்காக நாப்கின் ஒரு பாக்கெட், கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மதியம்வரை தாங்கும். காலையில் பூரி, பொங்கல் வேண்டாம், மலைப்பாதை வளைவில் வாந்தி எடுப்பார்கள், இரண்டு இட்லி போதும். எவர்சில்வர் டப்பா, எவர்சில்வர் பாட்டில். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அப்படியும் கவர் வந்தால் திரும்ப எடுத்துப்போக ஒரு சாக்கு கொண்டுவாருங்கள். பிள்ளைகளுக்கு மலைவாழ் மக்கள் விளைவிக்கும் சாமையை வாங்கிக் காட்டுங்கள். சீசன் என்றால் பலாவும் கிடைக்கும்.

வானத்தைப் பார்த்துத்தான் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். நம் வட உள்மாவட்டங்களில் கோடையிலும் ஆடி, ஆவணியிலும் காலை பளிச்சென்று இருந்துவிட்டு மாலையில் இடி இறங்கும். படகை முற்பகலில் முடித்துவிடுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்த கணமே எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியேறி வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப இறங்கக் கூடாது. அருவிக்குப் போனால் பார்க்க மட்டும் போங்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை பாறைகளுக்கு இடையே வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மிருகண்டா அணை, செண்பகத்தோப்பு அணை, குப்பநத்தம் அணை என்று மலையடிவாரத்தில் உள்ள நீர்த்தேக்கங்களில் வழியில் இறங்கிக் குளிப்பது வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் எவ்வளவு ஆழம் என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது, அடியில் சேறு.

இவ்வளவும் எடுத்துவந்து, படகுத்துறையில் பிள்ளைகளுக்குச் சரியான ஜாக்கெட் இல்லையென்றாலோ, ஆறு பேர் படகில் ஒன்பது பேரை ஏற்றச் சொன்னாலோ, காற்று பலமாக இருந்தாலோ, சவாரியை ரத்துசெய்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சிலர் அழுவார்கள். சுற்றுலாப் பணத்தில் படகுக்காக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது எல்லாருக்கும் தேனோ கடலைமிட்டாயோ வாங்கிக் கொடுத்து ஏரியைச் சுற்றி நடக்கவிடுங்கள். தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாதியில் ரத்துசெய்துவிட்டு வரும் ஆசிரியரை மறுநாள் கேள்வி கேட்காதீர்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் கரையில் நிற்பவருக்கு உண்டு என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்து அனுப்புங்கள்.

ஊர் திரும்பியதும் ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், வெயில் ஃபோமையும் துணியையும் கெடுக்கும். பக்கிள் உடைந்ததைத் தனியே எடுத்துவைத்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
போளூரிலிருந்து, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்